அருவி சைரனை அழித்த கை

குற்றாலம். லாட்ஜ் மொட்டைமாடியில் போன் அலறியது.

மசாஜ் முடிந்து, உடம்பெல்லாம் எண்ணெயாக ஊறிக்கொண்டிருந்தான் ஆதித்தன். தென்காசியில் மூன்று பேர் கொண்ட சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முதலாளி. பக்கத்தில், சற்றுமுன் மூடிய லேப்டாப்.

"அண்ணாச்சி, சுகந்தி பேசுதேன். சைரன் புரோகிராம் கோடைக் காணோம்."

"உன் லேப்டாப்புல இருக்கும்லா?"

"அது நேத்து சாரல்ல நனைஞ்சு செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடியே சர்வர்ல, நம்ம மூணு பேருக்கும் பொதுவான மெயின் பிராஞ்ச்ல சேத்துட்டேன். இப்ப அங்கன இல்ல. யாரோ அழிச்சிருக்காவ."

அருவியில் வெள்ளம் வருமுன் கூட்டத்தை விரட்டும் சைரன், சர்வரில் அந்தக் கோடு இருந்தால்தான் அடிக்கும்... மலைமேல் மேகம் கறுத்திருந்தது.

குளிக்காமலே லேப்டாப்போடு கிளம்பினான்.

ஆபீஸ்.

"ஏலே ஜோயல், பெங்களூர்ல வேலை கெடச்சிட்டுல்லா? போற போக்குல அழிச்சிட்டியோ?"

"நான் தொடல அண்ணாச்சி."

"சர்வருக்குக் கடைசியா யாரு அனுப்புனதுன்னு பாரேன்."

"எப்படிப் பாக்க? மூணு பேருக்கும் ஒரே அக்கவுண்ட்டுல்லா."

அந்தச் சிக்கனம் ஆதித்தனின் யோசனைதான். அவன் தொண்டையைச் செருமினான்.

சுகந்தியும் ஜோயலைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"காலைல நீ என்னலே பண்ணுன?"

"ஃபெட்ச் மட்டும் போட்டேன்க்கா."

"புல் போடலியா?"

"புல் போட்டா சர்வர்ல இருந்து வர்றது என் கோடோட கலந்துரும். ஃபெட்ச் போட்டா வந்து தனியா நிக்கும். அப்புறம் பாத்துச் சேத்துக்கலாம்னு..."

சுகந்தி துள்ளி எழுந்தாள்.

"அப்ப என் கோடு உன்கிட்ட நிக்குதுலே! இன்னொரு ஃபெட்ச் போட்ராத. அதும் போயிரும்."

ஜோயல் முதலில் அதைத் தன் கோடோடு மெர்ஜ் செய்து சேர்த்தான். பிறகுதான் புல். கடைசியில் சர்வருக்குப் புஷ்.

ஐந்து நிமிடம்... போன். அருவியில் சைரன் அடித்ததாம்.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்லே."

"பரவால்லக்கா."

"அப்ப அழிச்சது யாரு?" ஆதித்தனின் குரல் ஏனோ இறங்கியிருந்தது.

"பழைய காப்பியில வேலை பாத்தவுக அண்ணாச்சி," என்றான் ஜோயல். "புஷ் போட்டா, 'மொதல்ல புல் பண்ணு'ன்னு மறுத்திருக்கும். ஃபோர்ஸ் போட்டிருக்காவ. அது அங்கன உள்ளதத் தள்ளிட்டு இதை வச்சிரும்."

சுகந்தி முதலாளியின் லேப்டாப்பைத் திறந்தாள்.

கீபோர்டு முழுக்க எண்ணெய்.

திரையில் கடைசி வரி... புஷ். ஃபோர்ஸ்.

"ஒரு பட்டன் கலருதாம்ளா மாத்துனேன்..." ஆதித்தன் நெளிந்தான். "அது மறுத்துச்சு. குளிக்கப் போற அவசரம்..."

"பயப்படாமப் போய்க் குளிங்க அண்ணாச்சி," என்றாள் சுகந்தி. "தண்ணி கூடுனா, ஜோயல் மீட்டுக் குடுத்த சைரன் அடிச்சு உங்களையும் காப்பாத்திரும்."