மூன்றாவது கேபிள்

கேபிள் செருகாத துளையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குமாரபாளையத்தின் அந்த விசைத்தறி ஆலைக்கு ஞாயிறு விடுமுறை. நெட்வொர்க் பழுது பார்க்க வந்திருந்த சௌந்தர்யா, தறிகள் நின்றுபோன மதியத்தின் அமைதியில், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் எண்ணெயும் கலந்த வாடை கதவிடுக்கில் கசிந்துவர, ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்சையே பார்த்தபடி நின்றாள். இங்கிருந்து பின்கொட்டகையில் உள்ள இன்னொரு சுவிட்சுக்கு இரண்டு கேபிள்கள் போயின. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும்படி இரண்டையும் ஒரே இணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரமாக அது விட்டுவிட்டு வந்தது. லேப்டாப் திரையோ அந்த இணைப்பில் மூன்று கேபிள்கள் இருப்பதாகக் காட்டியது.

சுவிட்ச் கெட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சோதித்துப் பார்க்க இரண்டு கேபிள்களையும் உருவினாள். இணைப்பு அறுந்திருக்க வேண்டும். அறவில்லை. வாரமெல்லாம் தடுமாறியது, இப்போதுதான் சீராக ஓடியது.

பின்கொட்டகையில் இருந்த வாட்ச்மேன் அர்த்தநாரிக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, அங்க பொட்டிக்குள்ள எத்தனை கேபிளுங்க இருக்குது?”

“மூணுங்க அம்மிணி. ரெண்டு நீலம், ஒண்ணு வெள்ளை.”

“வெள்ளையப் புடுங்கிப் போடுங்ணா.”

மூச்சு வாங்கும் சத்தம். ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஓர் உராய்வு.

“வரமாட்டேங்குதுங்க. ஏனுங்க, நீங்க அந்தப் பக்கம் புடிச்சு இழுக்கறீங்களா?”

அவள் எதையும் பிடித்திருக்கவில்லை.

“இல்லீங்ணா. உடுங்க. கைய எடுத்துருங்க!”

“எடுக்க முடியலீங்க அம்மிணி...”

பிறகு உராய்வு மட்டும்.

காதில் வைத்த போனோடு வெயில் முற்றத்தைக் கடந்து ஓடினாள். கொட்டகைக்குள் இருட்டு. தறிகளின் வரிசை. ஆள் இல்லை.

“அண்ணா!”

அவள் குரலே ஒரு நொடி தாமதித்துத் தரையிலிருந்து கேட்டது. அர்த்தநாரியின் போன். பக்கத்தில் அவருடைய செருப்பு. ஒன்று மட்டும்.

சுவிட்ச் பெட்டி திறந்து கிடந்தது. வெள்ளைக் கேபிள் அதிலிருந்து சுவருக்குப் போயிற்று. சுவரில் துளை இல்லை. விரிசல் இல்லை. சுண்ணாம்பு மட்டும் ஈரமாக மின்னியது.

அந்த ஈரத்திலிருந்து, மணிக்கட்டு வரை, செப்பு வளையம் போட்ட அர்த்தநாரியின் கை வெளியே நீண்டிருந்தது. கேபிளை இறுகப் பற்றியபடி.

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கேபிள் நழுவித் தொங்கியது. உள்ளங்கை மெல்ல அவள் பக்கம் திரும்பி, எதையோ கேட்பதுபோல, விரிந்தபடியே நின்றது.