வாயால் உறிஞ்சிய பாசி

மூன்றாவது நாளாகச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே மேசையில் கிடந்தது. பெரியவருக்குப் பசிக்கவில்லை.

பாசி ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவருக்கு மண்ணாங்கட்டிகள். அளவுக்குழாயை வாயில் வைக்கக்கூடாது, ரப்பர்க் குமிழ் மாட்டியே உறிஞ்ச வேண்டும் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டியவரும் அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம். முப்பது வருடமாக வாயாலேயே உறிஞ்சியவருக்குப் போன வாரம் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. வெளிச்சத்தை மும்மடங்கு தின்று வளர்வதற்கென்றே அவர் உருவாக்கிய புதுப் பாசி.

"டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார்," என்றாள் உதவியாளர்.

"குளத்துத் தண்ணி குடிச்சவனெல்லாம் செத்தா போயிட்டான்? போய்ப் பாட்டிலைக் கழுவு."

அன்றிலிருந்து வளர்ப்பறையில் நிற்பது அவருக்குப் பிடித்துப்போனது. ஜன்னலில்லாத அந்த அறையில், வரிசை வரிசையாகக் குழல்விளக்குகள் எரிய, குடுவைகளுக்குள் காற்றுக்குமிழிகள் களகளவென்று ஏற, ஈரப்பாறையின் வாடை மூக்கில் ஏற, வெளிச்சம் தோல் வழியே இதமாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்று மதியம் வந்தவர் இன்னும் நகரவில்லை.

கதவைத் திறந்து உதவியாளர் எட்டிப் பார்த்தாள். "நான் கிளம்பறேன் சார். ஆறு மணிக்கு லைட்டு தானா அணைஞ்சிடும்."

'எனக்கே பாடம் எடுக்கிறாயா, கழுதை' என்று சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. குரலுக்குக் காற்று வேண்டும். நெஞ்சில் காற்று இல்லை. கடைசியாக எப்போது மூச்சு விட்டோம் என்று யோசித்தார். நினைவில்லை.

அவர் பதில் சொல்லாதது அவளுக்குப் புதிதல்ல. விடைபெறும்போது அவர் என்றைக்குப் பதில் சொன்னார்? கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எதிரேயிருந்த குடுவைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். ஈறு பச்சை. நாக்கு பச்சை. உதட்டோரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

பயம் வந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தார். நெஞ்சு அந்த வேலையை மறந்துவிட்டிருந்தது. இந்த வெளிச்சம்தான் இப்போது மூச்சு. விளக்கை அணையாமல் வைக்கும் சுவிட்ச் கதவருகே. ஆறடி. அந்த ஆறடியும் நிழல். கால் அசையவில்லை. வெளிச்சத்தை விட்டு வர உடம்புக்கு மனசில்லை.

டக். மேல் வரிசை அணைந்தது.

டக். நடு வரிசை.

கீழ் வரிசை மட்டும் எரிந்தது. அதை நோக்கி முதுகு தானாக வளைந்தது. வாய் அகலத் திறந்தது. பச்சை நாக்கு வெளியே நீண்டு, விளக்கைத் தொட்டது.

டக்.