விடாய்

இன்று காலை மகளின் முதுகில் விரிக்கும்போது ஒரு விரல் தடிப்பாக இருந்த ஜெல், மத்தியானம் இரண்டு விரல் தடிப்பாகியிருந்தது. ஆடிக்காற்றில் ஈரத்துணியே கால் மணித்தியாலத்தில் காய்ந்துபோகும் வன்னி அக்கராயனில் அது வற்றிச் சுருங்கியிருக்க வேண்டும். விமலேஸ்வரி அடிமட்டத்தை வைத்து மறுபடி அளந்தாள். இரண்டு விரல்தான்.

அளப்பது அவளுக்குப் பழகிய வேலை. இடம்பெயருமுன் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் பொலியக்கிரிலமைட்டு ஜெல்லோடுதான் இருந்தாள். அது எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும், வயல்மண்ணில் எத்தனை நாள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், எரிகாயத்தில் போட்டால் ஒட்டாமல் எப்படிக் குளிர்விக்கும் என்று கொப்பி கொப்பியாக எழுதியிருந்தாள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குத் தப்பி ஓடிவரும்போது நகைகளை விட்டுவிட்டு, அந்தக் கொப்பிகளையும் சில இரசாயனப் போத்தல்களையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவள்.

மூன்று நாளைக்கு முன் ஜாம் போத்தல் விளக்குச் சரிந்து, ஒன்பது வயதுத் தேனுகாவின் சட்டையில் நெருப்புப் பற்றியது. ஆஸ்பத்திரியில் மருந்துமில்லை, சுற்றத் துணியுமில்லை.

“ஆமி வவுனியாவில இருந்து மருந்தை விட்டாத்தான் அக்கா,” என்றாள் நேர்ஸ் நேசமலர், அவள் முகத்தைப் பார்க்காமல். “வீட்டை கொண்டுபோய்ச் சுத்தமா வைச்சிருங்கோ. வேற என்னத்தைச் சொல்ல?”

பிள்ளை இரண்டு நாளாய்க் கத்திய கத்தலில் அயலில் ஒருவரும் சோறு தின்னவில்லை. இன்று விடிய விமலேஸ்வரி போத்தல்களைத் திறந்தாள். இறுகாமல் மிஞ்சும் இரசாயனம் நரம்புக்கு நஞ்சு என்று அவளுடைய கையெழுத்திலேயே கொப்பியில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜெல்லைச் செய்தாள். கொதித்தாறிய நீரில் பதினொரு தரம் கழுவினாள். முதுகில் விரித்ததும் கத்தல் நின்றது. அவள் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள்.

“அம்மா, விடாய்க்குது.”

ஒரு செம்பு தண்ணீர். இன்னொன்று. பிறகு குடமே வெறுமையாயிற்று. கிணற்றடிக்கு ஆறு தரம் நடந்துவிட்டாள். பிள்ளையோ ஒருதரமும் ஒன்றுக்குப் போக எழும்பவில்லை. கருகிய தசையின் மணம் போய், கழுவிய கண்ணாடியின் மணம் குடிலுக்குள் நிறைந்திருந்தது. வெடித்த வயலுக்குள் வாய்க்கால் நீர் முதன்முதல் இறங்கும்போது கேட்கிற மெல்லிய உறிஞ்சல் பாய்ப்பக்கமிருந்து விடாமல் கேட்டது. தேனுகாவின் கன்னங்கள் குழிந்துகொண்டு வந்தன. ஜெல் தோள்களைத் தாண்டி வழிந்து பாயைத் தொட்டிருந்தது.

“கழட்டுவமோ பிள்ளை?”

“வேண்டாமம்மா. குளிரா இருக்கு.”

பின்னேரம் அவள் ஒரு கிண்ணத்தில் உப்பைக் கரைத்தாள். உப்புப் பட்டால் இந்த ஜெல் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். பிறகு இலேசாக உரிக்கலாம். காயத்தில் உப்பு எரியும். எரியட்டும். உயிர் மிஞ்சினால் போதும்.

முதலில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

ஓரத்தைக் காணவில்லை.

விரலால் தடவினாள். ஜெல் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது? தோளிலும் இல்லை. இடுப்பிலும் இல்லை. குனிந்து பார்த்தாள். புண் இல்லை. சிவப்பில்லை. தெளிவு. தெளிவுக்குள் விலா எலும்புகள். எலும்புக்குக் கீழே சின்னதாக ஒன்று, விரைவாக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே, பாயின் பச்சைக் கோடு.

அவள் கையிலிருந்த கிண்ணம் சரிந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு துளி விழுந்தது.

விழுந்த இடம் குழிந்தது. தேனுகாவின் விரல்கள் ஐந்தும் உள்ளுக்குச் சுருண்டன.

“என்னம்மா செய்யிறீங்கள்?”

விமலேஸ்வரி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். மகள் மெல்ல எழும்பி இருந்தாள். கிடுகு இடுக்கால் வந்த பின்னேர வெயில் அவளைத் துளைத்துக்கொண்டு போய், மண்சுவரில் நீர் அலைபோல ஆடியது.

“நோகேல்லை அம்மா. விடாய்தான்.”

தாய் செம்பை நீட்டினாள். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தது.

தெளிந்த தொண்டையால், நெஞ்சால், தண்ணீர் இறங்கிப் பரவுவதை விமலேஸ்வரி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.