மலைக்கு வைத்த டைமிங்

வெள்ளைக் கோடு மறுபடியும் உடைந்திருந்தது.

மெக்கானிக் தன் கையாலேயே போட்ட கோடு அது. பழைய ஜீப்பின் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தில், அதன் கழுத்தையும் இன்ஜின் உடம்பையும் சேர்த்து ஒரே இழுப்பாகப் பெயிண்டில் இழுத்திருந்தான். பெட்ரோலுக்குப் பொறி எந்தக் கணத்தில் தட்ட வேண்டும் என்று முடிவு செய்கிற சாமான் அது. மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் பட்டறையைத் திறந்து போனட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம். பிடித்திருக்கும் போல்ட் மட்டும் அவன் இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது.

வண்டியைக் கிளப்பினான். சமதளத்தில் நிற்கும்போதே இன்ஜினுக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குவதுபோல் கடகடவென்று தட்டியது. பொறி முந்திக்கொண்டு விழுகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பையனிடம் கேட்டால்கூட, டைமிங் நகர்ந்திருக்கிறது, திருப்பி வைத்து இறுக்கு என்பான். அதைத்தான் அவனும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான்.

டைமிங் செயினைப் பிரித்துப் பார்த்தாயிற்று, தொய்வு இல்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளை மாற்றியாயிற்று. கடைசியில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரையே மாட்டிப் பார்த்தான். புதிதாக வந்ததும் பழையதைப் போலவே, சொல்லி வைத்தாற்போல், அதே பக்கம், அதே அளவு திரும்பியது. இத்தனை வருஷத்தில் எந்த இன்ஜினும் அவனை இப்படி முட்டாளாக்கியதில்லை.

வேறு வண்டியாக இருந்தால் கோளாறு என்று ஒதுக்கியிருப்பான். இது அவன் தங்கையின் கணவனுடைய ஜீப். போன மழைக்காலத்தில் மாப்பிள்ளை மலைக் கணவாய்க்குச் சரக்கு ஏற்றிப் போனவர், பாதை எப்படி இருக்கிறதென்று பார்க்க இறங்கி நடந்தார். அவர் நின்ற இடம் அப்படியே சரிந்து போனது. தேடப் போனவர்கள் ஜீப்பைக் கண்டுபிடித்தபோது அதன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். ஜீப் வீட்டுக்கு வந்தது, மாப்பிள்ளை வரவில்லை, தோண்டத் தோண்ட மண்தான் வந்தது.

அன்றிலிருந்து பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் தங்கை இருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன் என்பாள். தட்டு காய்ந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், கூப்பிட்டால் இறங்க மாட்டாள். பெற்றவர்கள் போன பிறகு அவன் தோளில் தூக்கி வளர்த்த பெண். அவள் கண்ணெதிரே கரைந்துபோவதைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. வண்டி கண்ணைவிட்டுப் போனால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினான். தேன்பெட்டி வைத்துப் பிழைக்கும் ஒருவர் வாங்க ஒப்புக்கொண்டிருந்தார், ஆனால் தட்டும் சத்தம் நின்றால்தான் எடுப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் வருகிறார்.

மத்தியானம் அவன் தங்கையிடமே கேட்டுவிட்டான். கேட்கவே கூசியது.

"வண்டியில நீ ஏதாவது கை வைக்கிறியாம்மா? திட்டமாட்டேன், சொல்லு."

"ஸ்பானர் பெட்டிச் சாவி உங்க இடுப்புலதானே இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி ஆகுது?"

அவள் கொடியிலிருந்து துணியை எடுத்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"அது கெட்டுப்போகலண்ணே. மலைக்கு வச்சிருக்கு."

அவனுக்குச் சட்டென்று புரிந்தது. உயரத்தில் காற்று லேசாகிவிடும், இன்ஜின் மந்தமாகும். அதற்காக மாப்பிள்ளை கணவாயின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையாலேயே கொஞ்சம் முன்னால் திருப்பி வைப்பார். இறங்கி வந்ததும் பழையபடி திருப்புவார். "மேல போனா இதுக்குத் தூக்கம் வந்துரும் மச்சான், கொஞ்சம் முன்னாடியே தட்டி எழுப்பணும்" என்று சிரிப்பார். கீழே தட்டித் தொலைக்கிற இந்த டைமிங் அங்கே கச்சிதமாக இருக்கும். இவ்வளவு நாளாகக் கோளாறைத் தேடியவனுக்கு அது தோன்றவே இல்லை.

"அவர் போய்ட்டாரும்மா," என்றான்.

"எங்க போனாரு? அங்கதான் இருக்காரு," என்றாள் அவள். துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் மழை பிடித்தது. அவன் பட்டறைக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, ஜீப்பைக் கிளப்பி, டைமிங் லைட்டைப் பிடித்து, பொறி விழும் கணத்தைச் சமதளத்துக்குச் சரியாகத் திருப்பி, போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு மணிக்கட்டு வலிக்கும்வரை இறுக்கினான். தட்டும் சத்தம் நின்றது. பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தான். தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக இரைய, சூடான ஆயிலும் பெட்ரோலும் கலந்த வாசனை முகத்தில் அடிக்க, டார்ச்சை அந்தக் கோட்டின்மேல் வைத்தபடி குனிந்து நின்றான். இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. மனதுக்குள் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளக்கூடத் தொடங்கினான்.

அப்போது ஆயில் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. புதிதாகத் தோண்டிய ஈரமண். இன்ஜின் அனல் அடிக்கிற இடத்தில் குளிர்ந்த காற்று அவன் முழங்கையைத் தொட்டது.

கோடு நகர்ந்தது.

அவசரமே இல்லாமல் நகர்ந்தது, வேலை தெரிந்தவர் திருப்புகிற மாதிரி. போல்ட் அசையவில்லை. இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. அவன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அது அவன் உள்ளங்கைக்குள்ளேயே திரும்பியது. முரட்டுத்தனம் இல்லை. விடுங்க மச்சான் என்று கையை விலக்குவதுபோல் இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

"வேணாம் மாப்பிள்ளை," என்றான். "அவளை விட்டுருங்க. எனக்குன்னு அவ ஒருத்திதான் இருக்கா."

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நிற்கவில்லை. சாவியை உருவினான். நிற்கவில்லை.

திரும்பி வந்தான். வயர்களைப் பிடுங்கினான். ஒன்றுவிடாமல். ஸ்பானர் வழுக்கியது. விரல் கிழிந்தது. போல்ட் கழன்றது. டிஸ்ட்ரிபியூட்டரை அடியோடு பிடுங்கி எடுத்தான்.

பொறி இல்லாமல் எந்தப் பெட்ரோல் இன்ஜினும் ஓடாது.

ஓடியது.

தட்டல் மட்டும் நின்றுபோயிருந்தது. இவ்வளவு இதமாக அந்த இன்ஜின் ஓடி அவன் கேட்டதே இல்லை.

பின்னறைக் கதவு திறந்தது. தங்கை வந்தாள். தலை சீவியிருந்தாள். மாப்பிள்ளையின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தான். ஸ்டியரிங் பக்கம் அவள் போகவில்லை. சுற்றி வந்து மறுபக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இறங்கும்மா."

"ரொம்ப நாளா காத்திருக்காருண்ணே. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

"உன் காலைப் பிடிச்சிக் கேக்குறேன். இறங்கு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தாள். டிரைவர் இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது. அமுங்கிய இடத்தில் ஈரம் ஊறியது. சேறு வழிந்தது. கிளட்ச் தாழ்ந்தது. கியர் விழுந்தது.

அவன் தாழிட்ட கதவு திறந்து கிடந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. போனட் தானாகச் சாத்திக்கொள்ள, ஜீப் அவனை உரசாமல் விலகி, கவனமாக, மழைக்குள் இறங்கியது. அவன் வார்த்தையாகாத ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். தெரு முனைவரை ஓடினான். சிவப்பு விளக்குகள் மலைப்பாதைக்குத் திரும்பி, சிறுத்து, இல்லாமல் போயின.

மழையில் நின்றான். கையில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. பிய்ந்த வயர்கள் அதிலிருந்து தொங்கின. உள்ளே ஏதோ துடித்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

எதோடும் சேராத அந்தச் சாமானின் நடுவில், இன்ஜின் ஓடும்போது மட்டும் திரும்புகிற சுழலி சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே ஜீப் மலைப்பாதை ஏற ஏற, இங்கே அதன் வேகம் கூடிக்கொண்டே போனது.