ஏழாவது குரல்

காலியாகப் போட்ட கோப்பு காலியாக இல்லை. ஜீவிதா லேப்டாப்பில் அதை உருவாக்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் மட்டும் இருந்தால் போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம் என்று ராஜசேகர் போனில் சொன்னபடியே செய்திருந்தாள். அளவு பூஜ்யம் என்று தன் கண்ணாலேயே பார்த்தாள். இப்போது அதன் எதிரே நூற்றிருபது என்று இருந்தது. பூஜ்யம் தானாக நூற்றிருபது ஆனால் ஒரு கணக்கு டீச்சரால் பொறுத்துக்கொள்ள முடியுமா? மறுபடியும் அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த காலி ஃபைல் காலியா இல்லையே."

"அப்படி இருக்காது அண்ணி. வேற எதையாவது பாத்திருப்பீங்க. அழிச்சிட்டு திரும்ப போடுங்க."

ராஜசேகர் தஞ்சாவூரில் சேரனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவன். சேரன் அவளுடைய கணவன். போய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது. தஞ்சாவூர் சாலையில், மழையில், பைக்கில். பாபநாசத்துக்கு வெளியே வயலைப் பார்த்த இந்தக் கடைசி வீட்டை நாளைக் காலை அவள் அண்ணன் வந்து பூட்டிவிட்டு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே போனால் பழசைக் கிளறாதே என்று லேப்டாப்பையே தொட விடமாட்டார்கள். அவளுக்கு இருந்தது இன்று ஒரு நாள்தான்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் சேரனின் குரல். கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்களின் போனில் ஆயிரம் குரல் பதிவு இருக்கும். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் என்ன இருக்கும்? மிஞ்சியது ஒரு விளையாட்டு. எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்ட விவசாய விளையாட்டு. சேரன் அதை வாய்க்காலும் மதகுமாக மாற்றி, மதகுக்காரனுக்குத் தன் குரலைக் கொடுத்திருந்தான். மொத்தம் ஏழு வசனம். தானே கண்டுபிடித்த ஏதோ ஒரு முறையில் அவற்றைச் சுருட்டி வைத்திருந்தான். விளையாட்டு ஓடினால்தான் குரல் வரும். ஆறைப் பேசி முடித்திருந்தான். ஏழாவது, மதகுக்காரன் வேலை முடிந்து வீடு திரும்பும்போது சொல்வது. "அத சாயங்காலம் வந்து பேசிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று காலை கிளம்பினான்.

அவளும் வழக்கம்போல, "போயிட்டு வாங்க" என்றாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பாடையைத் தூக்கியபோதும் அவள் வாய் அதையேதான் சொன்னது. அவன் வாசற்படி இறங்கினால் தானாக வந்துவிடும் சொல். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போகிற ஊர் இது. மேளம் நின்றது. மாமியார் தையல்நாயகி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லக்கூடாதத சொல்லிட்டியேடி." மழை பிடித்துக்கொள்ளும் என்று சுடுகாட்டிலும் எல்லாம் அவசர அவசரமாக முடிந்ததாம். திரும்பி வந்த அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

லேப்டாப்பை இயக்கும் லினக்ஸைப் புதுப்பித்ததில் பழைய விளையாட்டு ஓடாமல் போயிருந்தது. கோடு எனப்படும் மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்து, ஓடும் விளையாட்டாக்க வேண்டும். "கோடுங்கறது நெல்லு, ஜீவி. அரைச்சாத்தான் அரிசி" என்பான் சேரன். மூன்று நாளாக அரைக்கிறாள். முதலில் ஒலிக்கான நிரல் தொகுப்பு இல்லை என்றது, போட்டாள். பிறகு அது பழைய பதிப்பு என்றது, மாற்றினாள். இன்று மதியம் தொண்ணூற்றேழு சதவீதம் வரை வந்து, ஏழாவது குரலைக் காணோம் என்று நின்றுவிட்டது. அதற்குத்தான் ராஜசேகர் இந்தக் காலிக் கோப்பு வைத்தியம் சொன்னான்.

அழித்தாள். திரும்பப் போட்டாள். பூஜ்யம். கட்டளையைக் கொடுத்ததும் வரிகள் ஓடின. வெளியே ஐப்பசி அடைமழை சம்பாப் பயிரின் மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. நூறு.

திரையில் பச்சை வயல் விரிந்தது. மதகைத் திறந்தாள்.

"தண்ணி வந்துடுச்சு. வரப்ப பாத்து நடங்க."

அதே கரகரப்பு, வாக்கியத்தின் முடிவில் லேசாகச் சிரிப்பது போன்ற அதே இழுப்பு. ஜீவிதா வாய்விட்டு அழுதாள். கருமாதி வரை வராத அழுகையெல்லாம் இப்போது வந்தது. மதகை மூடி மூடித் திறந்தாள். ஆறு வசனத்தையும் பத்து முறையாவது கேட்டிருப்பாள். இனி எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் இருந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

மதகுக்காரப் பொம்மை வேலை முடிந்து வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது. ஏழாவது வசனத்தின் இடம். அங்கே ஒன்றும் கேட்கக் கூடாது.

மழை கேட்டது. வெளியே பெய்யும் மழைதான் என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். வெளிமழை அடங்கியது. லேப்டாப்பில் மழை அப்படியே பெய்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். தொப். கொஞ்சம் இடைவெளி. தொப். காலடி என்றால் இடது வலது என்று இரண்டாகக் கேட்க வேண்டும். இது ஒற்றையாக விழுந்தது, ஈரச் சேற்றில் நெல் மூட்டையைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோல.

கோப்பின் அளவைப் பார்த்தாள். ஒன்பதாயிரம். கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். பதினோராயிரம். போனை எடுத்தாள்.

"தம்பி, இதைக் கேளுங்க." ஸ்பீக்கர் அருகே பிடித்தாள்.

"மழ சத்தம்தான் அண்ணி கேக்குது. இருங்க... யாரு அது, குதிச்சு குதிச்சு வர்றாங்க?"

இணைப்பு அறுந்தது. அதோடு கரண்டும் போனது.

தொப். தொப். பிறகு 'டக்' என்று ஒன்று. அவளுக்கு அது தெரியும். தெருமுனை வாய்க்கால் மேல் போட்ட சிமெண்ட் பலகை. ஒரு மூலை ஆடும். ஒன்பது வருடமாகச் சேரனின் பைக் அதில் ஏறியதும் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள்.

லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். சத்தம் நின்றது.

தொப்.

வெளியே. தெருவில்.

ஓடிப்போய் வாசற்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முருங்கை மரம் வரை வந்தது. தண்ணீர்க் குழாய் வரை. வாசற்படி. நின்றது. கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வாசனை வந்தது. பன்னீர். நனைந்த சாமந்தி. பச்சை மூங்கில்.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. மழை விட்டு, தவளைகள் கத்தத் தொடங்கின. போய்விட்டது. கதவில் நெற்றியை வைத்து மூச்சு விட்டாள்.

தொப்.

முதுகுக்குப் பின்னால். கூடத்தில்.

திரும்பினாள். மூடிய லேப்டாப் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் முதலில் பாதங்கள்தான் தெரிந்தன. ஈரமாக, ஒட்டி ஒட்டி. இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. பாடையில் கட்டியது. சுடுகாட்டில் அவிழ்த்திருக்க வேண்டியதை யாரும் அவிழ்க்கவில்லை. அண்ணன் சொல்ல வந்தது இதைத்தான்.

"என்னங்க," என்றாள்.

"ம்ம்," என்றான் அவன். "ம்ம்ம். ம்ம்."

மோவாயைச் சுற்றி, காதோரமாக ஏறி, உச்சந்தலையில் முடிந்திருந்தது இன்னொரு துணி. வாய் திறக்கவில்லை. பேச முயன்றான். முடியவில்லை. ஏழாவதை.

தொப்.

ஒரு கை தூரம்.

மெதுவாகக் குனிந்தான். முகம் மறைந்தது. உச்சந்தலையின் அந்த முடிச்சை அவள் விரலுக்கு எட்டும்படி நீட்டிக்கொண்டு, அசையாமல் நின்றான்.