போயிட்டு வா

மந்தைவெளிச் சந்து ஒன்றில், பழைய வீட்டின் மாடி போர்ஷனில் என் தம்பி சுஹாஸ் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனேன்.

"வாங்கோ அக்கா" என்ற அவன் பெண்டாட்டி மாளவிகா, நான் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் யாரோ ஏறி வருகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சோபாவில் உட்காரப் போனேன்.

"அந்தப் பக்கம் வேண்டாமே" என்றாள் மெல்ல.

அது சிட்டுவின் இடம். சிட்டு அவர்கள் வளர்த்த கிரேஹவுண்ட் நாய். ஓடப் பிறந்த ஜாதி என்பார்கள்; இதுவோ நாள் முழுக்க சோபாவில் கிடக்கும், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். தெருவில் கூட்டிப் போனால், விலா எலும்பைப் பார்த்துவிட்டு "இன்னா சார், சோறே போட மாட்டீங்களா?" என்று கேட்காத ஆட்டோக்காரர் கிடையாது. குரைக்காது. அதற்குத் தெரிந்த ஒரே கொஞ்சல், நிற்கிறவர் தொடையில் முழு எடையையும் போட்டுச் சாய்வது. அதிலும் யாருக்காவது அழுகை வரப் போகிறதென்றால், அவர்களுக்கே தெரியும் முன் வந்து சாய்ந்துவிடும். எங்கள் அப்பா போன அன்று, ஃபோன் வருவதற்கு முன்பே சுஹாஸின் காலோடு வந்து சாய்ந்ததாம்.

போன மாசம் கிட்னி கெட்டுச் செத்துப்போயிற்று. துணியில் சுற்றி சுஹாஸ் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, மாடிப்படி மேலே நின்ற மாளவிகா பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள்: "போயிட்டு வா."

நம் வீடுகளில் யாரையாவது "போ" என்று அனுப்புகிறோமா? வாயில் வேறென்ன வரும்?

சிட்டு திரும்பி வந்துவிட்டது.

"சமையல் பண்றச்சே வந்து சாயறது அக்கா. மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துது. நேத்து படி எறங்கறச்சே சாஞ்சுடுத்து. கம்பியைப் பிடிச்சுண்டதால பொழைச்சேன்."

வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். ஆறு மாசம்.

"'போ'ன்னு சொல்லித் தொலையேன் மாளு" என்றான் சுஹாஸ். "கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அதைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

நல்ல கூத்து என்று சிரிக்கத்தான் நினைத்தேன். அப்போது மொசைக் தரையில் நகம் தட்டுகிற சத்தம் கேட்டது. மழையில் நனைந்த நாயின் வாசனை. வெளியே மழையே இல்லை.

சோபாவின் அந்தப் பக்கம் மெதுவாக அமுங்கியது.

சுஹாஸ்தான் முதலில் எழுந்தான். "காப்பிப் பொடி தீர்ந்துபோச்சு. வாங்கிண்டு வந்துடறேன்" என்று பைக் சாவியை எடுத்தான். வழியனுப்ப மாளவிகா மாடிப்படி மேலே வந்து நின்றாள். நானும் கூட நின்றேன்.

அவள் புடவை தொடையோடு ஒட்டியது.

அவள் ஒரு படி தள்ளாடினாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடித்தொண்டையிலிருந்து சொன்னாள்: "போ. திரும்பி வராதே."

கீழே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்த சுஹாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னையா சொல்றே?" என்று சிரித்தான். "சரி, போறேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்றேன். பைக் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

மாளவிகா கண்ணைத் திறந்தாள். தொடையைத் தடவிப் பார்த்தாள். "போயிடுத்து அக்கா" என்றாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது.

கடை தெருமுனையில்தான். அடுப்பில் வெந்நீர் கொதித்தது. அணைத்தோம், ஆறிப்போயிற்று. தெருவிளக்கு எரிந்தது. "கூட்டமா இருக்கும்" என்றாள் அவள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

என் தொடையில் ஏதோ சாய்ந்தது.

கதகதப்பாக. எலும்பு உறுத்த. லேசாக நடுங்கிக்கொண்டு.

நான் அசையவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கடவுளே, புரிந்துவிட்டது.

மேஜை மேல் ஃபோன் அடித்தது.

"புது நம்பரா இருக்கு" என்று மாளவிகா கையை நீட்டினாள். எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் தொடையிலிருந்த எடை விலகியது. நகச் சத்தம் அவளை நோக்கி நடந்தது.