இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து விடுதி

அந்தக் கடிதத்தில் குறை என்று ஒன்றுமில்லை. அதுதான் அவளை மறுபடி மறுபடி படிக்க வைத்தது. 'உங்கள் கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சொல்லியிருக்கும் விடுதியில் மூன்று நாள் தங்கினோம். கம்பளி நல்ல கதகதப்பு. விடுதிக்காரம்மாள் வாயே திறக்கவில்லை. மிக்க நன்றி' என்று யாரோ ஒரு வாசகர் நீல மையில் எழுதியிருந்தார். தாளில் விறகுப் புகை வாடை அடித்தது.

அப்படி ஒரு விடுதி உலகத்திலேயே கிடையாது.

ஆள் அதிகம் போகாத இடங்களுக்குப் பயணக் கையேடு போடும் சின்னப் பதிப்பகம் அது. பத்து வருடமாக அவள்தான் பதிப்பாசிரியர். மற்றவர் உழைப்பை வரிக்கு வரி சுட்டுப் புத்தகம் போடும் ஆசாமிகளைப் பிடிக்க, ஒவ்வொரு கையேட்டிலும் ஒரு பொய் இடத்தைச் சொருகி வைப்பார்கள். அது இன்னொருவன் புத்தகத்தில் தலைகாட்டினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பொய் எதுவென்று அவளுக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும். வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது.

வருடத்தில் பத்து மாதம் மூடிக் கிடக்கும் பனிக் கணவாய்க்கு அப்பால், யார் போகப் போகிறார்கள் என்ற தைரியத்தில், மூன்று வருடத்துக்கு முன் அவள் அந்த விடுதியைக் கட்டினாள். படம் வேண்டும் என்று முதலாளி நச்சரித்தபோது சோம்பல்பட்டுத் தன் அலுவலக மாடியையே வரைந்து கொடுத்தாள். ஒரு படிக்கட்டு, நீண்ட நடை, ஆறு அறைகள். கோடியில் இருந்த ஆறாவது அறை அவளுடையது. இரவும் பகலும் அதற்குள்ளேயே கிடந்து வேலை பார்த்த கடுப்பில் கேலியாகக் கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்: 'ஆறாவது அறையைக் கேட்காதீர்கள். அதில் தங்குகிறவர் கிளம்புவதில்லை.'

இன்று விடுமுறை. கட்டடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. மழை மூட்டத்தில் மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. இது தம்பியின் குசும்பாக இருக்கும் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் தம்பிக்கு அந்தப் பொய் தெரியாதே. தொழில் ரகசியம் என்று அவனிடமும் அவள் சொல்லவில்லை. ஒன்பது நாளைக்கு முன் இதே நிறுவனத்துக்காகப் புதுப் பாதை பார்க்க அவன் கிளம்பியது அந்தக் கணவாய்க்குத்தான். அவனைக் கூப்பிடச் செல்பேசியைக் கையில் எடுத்தாள்.

செல்பேசி அடித்தது.

"அக்கா, நீ நல்லா இருப்ப. உன் புத்தகம் இல்லேன்னா இந்நேரம் விறைச்சுப் போயிருப்பேன்."

"எங்கடா இருக்க?"

"புயல்ல கூடாரம் கிழிஞ்சு போச்சு. எரநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். நீ எழுதின இடத்துலயே விளக்கு எரிஞ்சுது."

அது பொய்யென்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி, அவனை எங்கே போகச் சொல்வது? வெளியே ஓர் அடி வைத்தால் பனி அவனை விழுங்கிவிடும். அம்மா வேலைக்குப் போக, அவள்தான் அவனை வளர்த்தாள். இடி இடித்தால் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொள்வான். அக்கா குரல் கேட்டால்தான் வெளியே வருவான்.

"மாடி ஏறிட்டு இருக்கேன். மூணாவது படி ஆடுதுக்கா, இதை நீ எழுதலையே."

அவள் எழுதவில்லைதான். ஆனால் அலுவலகத்தின் மூன்றாவது படி இரண்டு வருடமாக ஆடுகிறது. தச்சர் நாளைக்கு நாளைக்கு என்று டிமிக்கி கொடுக்கிறார்.

கதவுக்கு வெளியே, கீழே, மூன்றாவது படி டொக்கென்றது.

பிறகு ஈரப் பூட்ஸின் சத்தம். மெதுவாக. நடையில்.

"அஞ்சு ரூமும் பூட்டிக் கெடக்கு. விடுதிக்காரம்மா எதுவும் பேசாம கோடிப் பக்கம் கையைக் காட்டுறாங்க."

"அங்க போகாதடா. நடையிலயே படுத்துக்கோ. அக்கா சொல்றேன், கேளு."

"உள்ள ஆள் இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன். சாவி ஓட்டை பெருசாத்தான் இருக்கு."

பூட்ஸ் சத்தம் அவள் அறைக்கு வெளியே நின்றது. புகை வாடை கதவிடுக்கில் நுழைந்தது.

"ஒரு அம்மா உக்காந்திருக்காங்கக்கா. முதுகுதான் தெரியுது. காதுல போன்." அவன் குரல் இறங்கியது. "உன்னை மாதிரியே கொண்டையில பென்சில் சொருகியிருக்காங்க."

அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

"கையைத் தூக்குறாங்க."

அவளால் தாங்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது அவன்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டால் போதும். ஓடினாள். கதவைத் திறந்தாள். வெளியே கால் வைத்தாள்.

நடை காலி. படிக்கட்டிலிருந்து அவள் காலடி வரை பூட்ஸ் தடம். தடத்தில் பனி. உருகாத பனி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

"கதவு தானா திறந்துச்சுக்கா. உள்ள வந்துட்டேன். உக்காந்திருந்தவங்களைக் காணோம்."

"வெளிய வா. உடனே வா."

"திறக்க மாட்டேங்குது."

இழுத்தாள். தோளால் மோதினாள். அசையவில்லை. "மேசையில பேனா இருக்கும். உன் புத்தகத்துல அந்தப் பக்கத்தோட கடைசி வரியை அடிச்சிடுடா."

"மேசையே இல்லக்கா. ஒரு கட்டில். ஒரு கம்பளி." மூச்சு வாங்கினான். "கம்பளியில என் பேரு தச்சிருக்கு."

அவள் மண்டியிட்டுச் சாவி ஓட்டையில் கண் வைத்தாள். உள்ளே அவன். தோளில் பனி. காதில் போன். முதுகு அவள் பக்கம்.

"தம்பி, திரும்பிப் பாரு. இங்கதான் இருக்கேன்."

திரும்பினான். அவள் தூக்கி வளர்த்த அதே முகம். உதடு நீலம்.

"ஓட்டையில ஒரு கண்ணு தெரியுதுக்கா."

"நான்தாண்டா அது."

அவன் ஓர் அடி முன்னால் வந்து உற்றுப் பார்த்தான்.

"இல்ல. எங்க அக்கா கண்ணு எனக்குத் தெரியாதா?"

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். உள்ளே அவள் தம்பி அந்தக் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, கட்டிலில் ஏறி, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.